சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்து: டி-சர்ட் அச்சு முறைத் தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

ஆர்டரின் விவரம்

டி-சர்ட்டில் அச்சிட எந்த முறை சிறந்தது என்ற கேள்விக்கு, எந்தத் துணி, எந்தப் படம், எத்தனை சட்டைகள், எவ்வளவு காலம் நிலைக்க வேண்டும் என்ற நான்கும் தெரிந்த பிறகே விடை சொல்ல முடியும். இந்த நான்கும் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கும் ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு, முறை எவ்வாறு முடிவாகிறது என்பதை இங்கே விளக்குகிறேன். அச்சுப் பட்டறைகளுக்கு வழக்கமாக வரும் பல ஆர்டர்களின் தன்மைகளைத் திரட்டி அமைத்த ஆர்டர் இது. தனியொரு நிறுவனத்தைக் குறிப்பதன்று. இதில் வரும் தொழில்நுட்பச் சிக்கல்கள் அனைத்தும் உண்மையில் நேர்பவை.

இரத்ததான முகாம்களில் பணியாற்றும் தன்னார்வலர் குழு ஒன்றுக்கு 300 டி-சர்ட்டுகளில் அச்சிட வேண்டும். சட்டைகள் அடர் சிவப்பு நிறத்தில் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டன. முதுகில் 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளியை ஏந்திய இரு கைகளின் ஓவியம், அதற்கு மேல் குழுவின் பெயர் பெரிய வெள்ளை எழுத்தில், கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி. இடது மார்பில் சின்னம். ஒருங்கிணைப்பாளர்கள் 30 பேருக்கு மட்டும் வலது மார்பில் அவரவர் பெயர். இவை தவிர, மாதந்தோறும் புதிதாகச் சேரும் சிலருக்கும் அதே போன்ற சட்டை தேவைப்படும். முகாமில் நாள் முழுவதும் அணிந்து நின்று, ஒவ்வொரு முகாமுக்குப் பிறகும் துவைக்கப்படும் சட்டைகள் இவை என்பதால் அச்சு வெடிக்கவோ உரியவோ கூடாது என்பதும், தொலைவிலிருந்து பார்ப்பவர் தன்னார்வலரை அடையாளம் காணும்படி வெள்ளை எழுத்து தூய வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதும் குழுவின் இரண்டு நிபந்தனைகள்.

ஓவியத்தில் ஏழு நிறங்களும் அவற்றுக்கிடையே படிப்படியான நிற மாற்றங்களும் இருந்தன. எந்த நிறத்தையும் சிரமமின்றி அச்சிடலாம் என்பதால் படத்தைப் படலத்தில் அச்சிட்டுச் சூட்டால் சட்டைக்கு மாற்றும் டிடிஎஃப் முறையையே குழு எதிர்பார்த்தது. சட்டையின் மீதே நேராக அச்சிடும் டிடிஜி பற்றியும் கேட்டது. சட்டையின் துணியைப் பற்றி ஆர்டர் படிவத்தில் இருந்தது 'காட்டன் மிக்ஸ்' என்ற குறிப்பு மட்டுமே.

துணியிலிருந்து தொடங்க வேண்டியதன் காரணம்

பெரும்பாலான ஆர்டர்களில் பேச்சு படத்திலிருந்துதான் தொடங்குகிறது. இது இயல்பானதே, வாங்குபவர் மனத்தில் முதலில் இருப்பது படம்தான். ஆனால் முறையைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது நூலிழை எது, அதில் ஏறியிருக்கும் சாயம் எது என்பவற்றைத்தான். படத்தைத் திருத்தலாம், எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். வாங்கி வைத்துவிட்ட துணியின் சாயத்தை எவராலும் மாற்ற முடியாது.

'காட்டன் மிக்ஸ்' என்பது பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. கழுத்துப் பட்டியின் உட்புறம் அல்லது பக்கத் தையலில் இருக்கும் துணிச் சீட்டைப் பார்ப்பதே முதல் வழி. சீட்டு இல்லையெனில், உள் தையலிலிருந்து சில இழைகளை எடுத்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும், கலப்பு இழையில் இரண்டும் தெரியும். விகிதத்தை இச்சோதனை காட்டாது என்றாலும் பாலியஸ்டர் இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். இந்த ஆர்டரின் சட்டைகளில் இருந்த சீட்டு 60 சதவீதம் பருத்தி, 40 சதவீதம் பாலியஸ்டர் என்று காட்டியது.

மொத்தத் தேர்வையும் திசை திருப்பியது இந்த 40 சதவீதம்தான். பருத்தியில் பெரும்பாலும் ஏற்றப்படுபவை ரியாக்டிவ் சாயங்கள்; அவை நாரோடு வேதிப் பிணைப்பு கொண்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. பாலியஸ்டரில் அவை ஏறுவதில்லை. அதற்கு டிஸ்பெர்ஸ் சாயம் வேண்டும். அழுத்தமுள்ள கலத்தில் சுமார் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில், இழையின் இறுக்கம் தளரும்போது சாயம் உள்ளே நுழைந்து தங்குகிறது. நாரோடு வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. ஆகவே, எந்தச் சூட்டில் நுழைந்ததோ அதை ஒட்டிய சூட்டை அச்சிடும்போது மீண்டும் கொடுத்தால், சாயம் இழையிலிருந்து கிளம்பி மேலே இருக்கும் மைப் படலத்துக்குள் ஏறுகிறது. வெள்ளை எழுத்து இளஞ்சிவப்பாகிறது. சாய ஏற்றம் என்று பட்டறைகள் அஞ்சும் இந்தக் கோளாறில் மிகவும் பெயர்பெற்றவை சிவப்பும் அரக்கு நிறமும்தான்.

இதில் மிகவும் ஏமாற்றுவது காலத் தாமதம். அச்சிட்டு எடுத்த நேரத்தில் எழுத்து பளிச்சென்ற வெள்ளையாகவே இருக்கும். சில மணி நேரத்தில் மாறத் தொடங்கலாம். சில வாரங்கள் கழித்து, பெட்டியைப் பிரிக்கும் வாடிக்கையாளரின் கண்ணில் முதலில் படுவதும் உண்டு. மாதிரிச் சட்டையை அன்றே பார்த்து அன்றே ஒப்புதல் தருவது இத்தகைய துணியில் எதையும் உறுதிப்படுத்துவதில்லை.

விலக்கப்பட்ட முறைகள்

சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கிப் பாலியஸ்டருக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் முறையை விலக்க ஒரு வரி போதும்: அதில் வெள்ளை மை கிடையாது, வெளிர் நிறப் பாலியஸ்டரில் மட்டுமே அது படம் காட்டும், இங்கு இருப்பதோ அடர் சிவப்புக் கலப்புத் துணி. ஆயினும் பாலியஸ்டரின் சாயம் சூட்டில் ஆவியாகி நகரும் என்ற அதே பண்புதான், 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் நடக்கும் சப்ளிமேஷனுக்கு அடிப்படை. ஒரு முறையில் அச்சாகப் பயன்படும் பண்பே மற்ற முறைகளில் கோளாறாகிறது என்பதை உணர்ந்தவருக்கு இந்த ஆர்டரின் சிக்கல் எளிதில் விளங்கும்.

டிடிஜி முறையில், இங்க்ஜெட் அச்சியந்திரம் நீர் சார்ந்த பிக்மென்ட் மையை நேராகச் சட்டையின் மீதே தெளிக்கிறது. அடர் நிறத் துணியில் முதலில் ஒரு முன்பூச்சுத் திரவம் தெளித்து உலர்த்த வேண்டும்; அதிலுள்ள உப்புகள் வெள்ளை மையைத் துணிக்குள் ஊறவிடாமல் மேற்பரப்பிலேயே திரளச் செய்கின்றன. முழுப் பருத்தியில் இது அழகாக வரும். புகைப்படத்துக்கு நிகரான நுணுக்கமும், தொட்டால் துணியாகவே உணரும் மென்மையும் இதன் சிறப்புகள். 40 சதவீதம் பாலியஸ்டர் கலந்த சிவப்பில் நிலைமை வேறு. வெள்ளை அடித்தளம் மங்குகிறது. அத்தோடு மையைச் சூட்டில் உறுதியாக நிலைக்கச் செய்ய, அதாவது பதமாக்க, 160 டிகிரியை ஒட்டிய சூடு நிமிடக் கணக்கில் தேவைப்படுவதால், சாயம் ஏறுவதற்குத் தேவையான சூடும் நேரமும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. 300 சட்டைகளுக்கும் முன்பூச்சு, உலர்த்தல், வெள்ளை, நிறம், பதமாக்கல் என்று ஒவ்வொன்றாகச் செய்யும் நேரமும் சேர்கிறது. ஒரே ஒரு சட்டை, முழுப் பருத்தி, புகைப்படம் என்றால் நான் முதலில் சொல்வது டிடிஜிதான். இந்த ஆர்டருக்கு அது பொருந்தவில்லை.

டிஸ்சார்ஜ் மை மற்றொரு வாய்ப்பாகத் தோன்றியது. துணியின் சாயத்தை வேதி முறையில் அகற்றி, அந்த இடத்தில் வேறு நிறம் வைக்கும் இம்முறையில் கைக்குத் தட்டுப்படும் படலமே இராது. ஆனால் அது பருத்தியின் ரியாக்டிவ் சாயத்தை மட்டுமே அகற்றும், அதிலும் எல்லாச் சாயங்களையும் அன்று. பாலியஸ்டர் இழைகள் சிவப்பாகவே நிற்கும். எழுத்து ரோஜா நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பழமைத் தோற்றத்தை விரும்பும் வடிவமைப்புக்கு அது அழகாகக்கூட அமையலாம். தூய வெள்ளை கேட்கும் குழுவுக்கு உதவாது.

டிடிஎஃப்: ஏற்கவும் மறுக்கவும் காரணங்கள்

குழு எதிர்பார்த்த முறை இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகவே எடைபோட வேண்டியிருந்தது. பெட் (PET) என்ற நெகிழிப் படலத்தில் முதலில் நிற மைகளும் அவற்றின் மேல் வெள்ளையும் அச்சாகின்றன. ஈரமாக இருக்கும்போதே பசைத்தூள் தூவி, மிகுதியை உதறி, சூட்டில் உருக்கி வைக்கிறார்கள். பிறகு ஹீட் பிரஸ்ஸில் ஏறத்தாழ 150 முதல் 160 டிகிரியில் 10 முதல் 15 வினாடி அழுத்திப் படலத்தை உரித்தால் படம் சட்டையில் நிற்கும். பருத்தி, பாலியஸ்டர், கலப்பு என்ற வேறுபாடின்றி ஒட்டும். நிறங்களின் எண்ணிக்கைக்குக் கணக்கே இல்லை. ஒரு சட்டைக்கும் செய்யலாம். கடந்த சில ஆண்டுகளில் சிறிய பட்டறைகள் இதை நாடியதில் வியப்பில்லை.

இந்த ஆர்டரில் அதற்கு எதிராக நின்றவை மூன்று. முதலாவது காற்றோட்டம். 30 சென்டிமீட்டர் அகலத்தில் முதுகை மூடும் திட்டான படம், டிடிஎஃப்பில் இடைவெளியற்ற ஒரே படலமாக ஒட்டிக்கொள்கிறது. வியர்வை அதன் வழியே வெளியேறாது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு அணியும் சட்டையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெயிலில் நாள் முழுவதும் நின்று பணியாற்றுபவர் முதுகில் அதை ஒட்டிவிடுவது அவருக்குச் செய்யும் கொடுமை என்றே நான் கருதுகிறேன். வடிவத்தின் அழகைப் பேசும் நேரத்தில் அணிபவரின் உடலை மறந்துவிடுகிறோம். இரண்டாவது, படத்தின் நிற மாற்றங்களைச் சிறு புள்ளிகளாக்கிக் காற்றோட்டத்துக்கு வழி செய்யலாம் என்றால், மிகச் சிறிய புள்ளிகளில் போதிய பசைத்தூள் பிடிப்பதில்லை. சில துவைப்புகளில் அவை உதிர்ந்துவிடும். மூன்றாவது மீண்டும் அதே சாயம். அழுத்தும் நேரம் குறைவு என்பதால் ஆபத்து குறைகிறதே தவிர நீங்குவதில்லை. சிவப்புப் பாலியஸ்டரின் மீது வைத்த டிடிஎஃப் வெள்ளையும் காலப்போக்கில் நிறம் மாறக்கூடியதே. இதைத் தடுக்கும் கருமையான பசைத்தூள் வகைகள் உள்ளன. அவை முதுகுப் படலத்தின் கனத்தைக் குறைப்பதில்லை.

எண்ணிக்கையும், சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலையின் (மெஷ்) வழியே மையைத் துணியில் அழுத்திப் பதிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பக்கமே சாய்ந்தது. ஸ்கிரீன் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் செய்து, ஒளியில் இறுகும் எமல்ஷன் பூசி, ஒளி காட்டி, கழுவி, எந்திரத்தில் பொருத்தி, நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழச் செய்ய வேண்டும். இந்தத் தொடக்கச் செலவு ஒரு சட்டைக்கும் ஆயிரம் சட்டைக்கும் ஒன்றே. டிடிஎஃப்பில் தொடக்கச் செலவு மிகக் குறைவு, ஒவ்வொரு சட்டைக்கும் ஆகும் செலவு மிகுதி. தொடக்கச் செலவை, இரு முறைகளிலும் ஒரு சட்டைக்கு ஆகும் செலவின் வேறுபாட்டால் வகுத்தால், எந்த எண்ணிக்கைக்கு மேல் ஸ்கிரீன் முறை மலிவாகும் என்பது கிடைக்கும். கணக்கை விளக்குவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: ஸ்கிரீன்களுக்கான செலவு 180 அலகு, ஸ்கிரீன் முறையில் சட்டைக்கு 4 அலகு, டிடிஎஃப்பில் 10 அலகு என்றால், 180ஐ 6ஆல் வகுக்க 30 வருகிறது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு சட்டையும் ஸ்கிரீன் முறைக்கே ஆதாயம். பட்டறைக்குப் பட்டறை எண்கள் மாறும், வகுத்தல் மாறாது. 300 சட்டைகள் என்பது பெரும்பாலான பட்டறைகளில் அந்த எல்லையைத் தாண்டிய எண்ணிக்கைதான்.

ஓவியத்தை முறைக்கேற்பத் திருத்துதல்

ஸ்கிரீன் முறை என்று முடிவானதும் ஏழு நிற ஓவியம் தடையாக நின்றது. ஏழு நிறங்களை ஏழு ஸ்கிரீன்களாக்குவது இயலாத காரியமன்று. ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் அடியில் வெள்ளை வேண்டும், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே மையை மேலோட்டமாக இறுகச் செய்யும் ஃபிளாஷ் கருவியின் சூடு வேண்டும், ஒவ்வொரு சூடும் பாலியஸ்டரின் சாயத்தை எழுப்ப ஒரு வாய்ப்பு. ஆகவே நிறங்களைக் குறைப்பது இங்கே சிக்கனத்துக்காக மட்டும் செய்யப்படுவதன்று.

தீர்வு துணியின் நிறத்திலேயே இருந்தது. சட்டையே சிவப்பு; ஓவியத்தின் நடுவில் இருப்பது இரத்தத் துளி. துளியை அச்சிடாமல் விட்டு, அதைச் சுற்றிலும் வெள்ளை ஒளிவட்டத்தை ஹாஃப்டோன் புள்ளிகளாக (நிறச் சாயல் காட்டும் சிறு புள்ளிகளாக) வைத்தால் துணியே துளியாகிவிடும். கைகளின் வெளிச்சப் பகுதிகளை வெள்ளைப் புள்ளிகளாலும் நிழல்களைக் கறுப்புப் புள்ளிகளாலும் அமைத்தால், இடையிலுள்ள சிவப்புத் துணி நடுத்தர நிறத்தைத் தானே தந்துவிடும். ஏழு நிறங்கள் வெள்ளை, கறுப்பு என்ற இரண்டாகக் குறைந்தன. வரைந்தவர் முதலில் தயங்குவது இயல்பு. ஆனால் திருத்திய வடிவத்தைச் சிவப்புப் பின்னணியில் வைத்துக் காட்டும்போது, முதல் வடிவத்தைவிட இது தெளிவாக இருப்பதை அவரே காண்பார். மை படாத இடம் மிகுந்ததால் முதுகின் காற்றோட்டமும் கூடியது.

ஹாஃப்டோன் அடர்த்தி, வலையின் இழை எண்ணிக்கையைப் பொறுத்தே அமைய வேண்டும். அங்குலத்துக்கு இத்தனை வரி என்று கணக்கிடப்படும் புள்ளி அடர்த்தியைப் போல் நான்கு முதல் ஐந்து மடங்கு இழைகள் மெஷ்ஷில் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளின் நடைமுறை. 50 வரி ஹாஃப்டோனுக்கு அங்குலத்துக்கு 230 இழைகள், அதாவது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 90 இழைகள் கொண்ட மெஷ் பொருந்தும். புள்ளி வரிசையைச் சுமார் 22.5 டிகிரி சாய்த்து வைப்பது, மெஷ் இழைகளோடு மோதி அலைக்கோடுகள் தோன்றுவதைத் தவிர்க்கிறது.

பெரிய வெள்ளை எழுத்துகளுக்கு இந்த நுண் மெஷ் போதாது. மறைக்கும் வலிமையுள்ள தடித்த வெள்ளைக்கு அங்குலத்துக்கு 156 இழை மெஷ் தேவை. ஒரே வெள்ளை மையாயினும் எழுத்துக்கு ஒரு ஸ்கிரீன், புள்ளிகளுக்கு ஒரு ஸ்கிரீன் என்று பிரிக்க நேர்ந்தது. கீழ் வரியின் சிறு எழுத்துகளையும் கவனிக்க வேண்டியிருந்தது. தமிழ் எழுத்துகளில் மூடிய சுழிகள் பல. ண, ஞ, ணை போன்றவற்றின் உட்குழிவுகள் மை விரிந்தால் அடைபட்டுவிடும். எனவே அந்த வரிக்குச் சீரான தடிமன் கொண்ட, சுழிகள் திறந்து நிற்கும் எழுத்துருவைத் தேர்ந்து, அளவையும் சற்றுப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. மற்றொன்று, எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றியே கோப்பை அனுப்ப வேண்டும். தமிழ் எழுத்துச் சேர்க்கையைக் கையாளாத மென்பொருளில் திறந்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, சொல் சிதைந்து அச்சாகும். தமிழ் படிக்கத் தெரியாத பட்டறைப் பணியாளர் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

சூட்டின் இரண்டு எல்லைகள்

டி-சர்ட் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மை தானாக உலர்வதில்லை. பிவிசி பிசினும் அதைக் கரைக்கும் பிளாஸ்டிசைசரும் கலந்த இந்த மை, படலம் முழுவதும் உரிய சூட்டை அடைந்தால்தான் ஒன்றாக இணைந்து உறுதிப்படும். வழக்கமான வகைக்கு அந்தச் சூடு சுமார் 160 டிகிரி. அதை அடையாத மை பார்வைக்கு நன்றாகவே இருந்து, துவைக்கத் துவைக்க வெடித்து உதிரும். பாலியஸ்டரின் சாயமோ 160 டிகிரிக்கு வெகு முன்பே கிளம்பிவிடும். கிளம்பிய சாயத்தை ஈர்த்துக்கொள்வதும் இந்த பிளாஸ்டிசைசர்தான். சூடு குறைந்தால் அச்சு வெடிக்கும், கூடினால் வெள்ளை சிவக்கும். குழுவின் இரண்டு நிபந்தனைகளும் நேருக்கு நேர் மோதிய இடம் இது.

இந்த மோதலைத் தீர்க்க இரண்டு ஏற்பாடுகள் தேவைப்பட்டன. ஒன்று, சுமார் 130 டிகிரியிலேயே பதமாகும் குறைசூட்டு பிளாஸ்டிசாலில், சாய ஏற்றத்தை எதிர்க்கும் வெள்ளை வகையைத் தேர்வது. மற்றொன்று, வெள்ளைக்கு அடியில் கார்பன் கலந்த கருஞ்சாம்பல் தடுப்பு மையை ஓர் அடுக்காக வைப்பது. மேலேறும் சாயத்தைக் கார்பன் பிடித்து நிறுத்திக்கொள்ளும். இதற்கு அங்குலத்துக்கு 110 இழை கொண்ட மெஷ் பயன்படுத்தப்பட்டது.

ஆனால் சாம்பல் அடுக்கை எல்லா இடத்திலும் வைப்பது தவறு என்பது என் கருத்து. ஹாஃப்டோன் புள்ளிகளுக்கு அடியில் அதை வைத்தால், சட்டை சிறிதளவு நகர்ந்தாலும் ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் சாம்பல் எட்டிப் பார்க்கும். ஓவியம் முழுவதும் அழுக்கேறியது போலாகிவிடும். அந்தப் பகுதியில் வெள்ளையும் சிவப்பும் கலந்து இளஞ்சிவப்புச் சாயல் தருவதே வடிவமைப்பின் நோக்கம் என்பதால், அங்கே சிறிதளவு சாயம் ஏறினாலும் கண்ணுக்குக் குறையாகத் தெரியாது. எனவே பெரிய எழுத்துகளுக்கும் கீழ் வரிக்கும் மார்புச் சின்னத்துக்கும் மட்டும் தடுப்பு அடுக்கு. ஓவியத்துக்குத் தடுப்பு இன்றி வெள்ளை மட்டும். தடுப்பு அடுக்கு அதன் மேல் வரும் வெள்ளையைவிடச் சற்று ஒடுங்கியதாகக் கோப்பிலேயே அமைக்கப்பட்டதால் எழுத்தின் ஓரங்கள் தூய்மையாக நின்றன. முதுகுக்குச் சாம்பல், எழுத்து வெள்ளை, புள்ளி வெள்ளை, கறுப்பு என நான்கு ஸ்கிரீன்கள். சின்னத்துக்குச் சாம்பலும் வெள்ளையுமாக இரண்டு.

பட்டறையில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும். படலத்தின் அடிப்பகுதி அதை எட்டியதா என்பதை, மையின் மீதே வைத்து உலர்த்தியின் வழியாக அனுப்பும் வெப்ப உணர்கருவி கொண்டே அறிய வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே கொடுக்கும் ஃபிளாஷ், மை விரலில் ஒட்டாத அளவோடு நிற்க வேண்டும். உலர்த்தியிலிருந்து வெளிவரும் சட்டைகளைச் சூட்டோடு அடுக்கிப் பெட்டியில் அடைக்கக் கூடாது. அடுக்கின் நடுவே சூடு மணிக்கணக்கில் தங்கி, உலர்த்தியில் தவிர்த்த கோளாற்றைப் பெட்டிக்குள் உண்டாக்கிவிடும். நெருக்கடியான நாளில் முதலில் கைவிடப்படும் ஒழுங்கு இதுவே. இத்துணியில் அதைக் கைவிடுவதைப் போல் கேடு தருவது வேறில்லை.

மாதிரியும் சோதனையும்

மொத்த அச்சுக்கு முன் மூன்று மாதிரிச் சட்டைகள் அச்சிட்டு மூன்று வகையாகச் சோதிப்பது என்று திட்டமிடப்பட்டது. ஒன்றை வெதுவெதுப்பான இடத்தில், மடித்து, மேலே பாரம் வைத்து, இரண்டு வாரம் விட்டுவிட வேண்டும். சாயம் ஏறுமானால் அதற்குள் பெரும்பாலும் வெளிப்படும். ஒப்பிட, அதே வெள்ளை மையை வெள்ளைப் பருத்தித் துண்டில் அச்சிட்டு அருகில் வைப்பது அவசியம், ஏனெனில் மெல்ல மெல்ல நிகழும் நிற மாற்றத்தைத் தனியாகப் பார்க்கும் கண் பழகிப்போய்த் தவறவிடும். இரண்டாவது சட்டையின் அச்சை இழுத்துப் பார்க்க வேண்டும்: துணி விரியும்போது அச்சும் உடன் விரிந்து மீண்டால் மை பதமாகியிருக்கிறது; மெல்லிய வெடிப்புகள் தோன்றினால் சூடு போதவில்லை.

மூன்றாவது சட்டை துவைப்புக்கு. முறையான ஆய்வகம் கிட்டுமானால் துவைப்பில் நிறம் நிற்பதற்கு ஐஎஸ்ஓ 105-சி06, உராய்வில் நிறம் நிற்பதற்கு ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 என்ற தர முறைகள் உள்ளன; முடிவுகள் சாம்பல் அளவுகோலில் 1 முதல் 5 வரை மதிப்பிடப்படும், 5 என்பது மாற்றமே இல்லாத நிலை. ஆய்வகம் இல்லாத இடத்தில், அணிபவர் உண்மையில் எப்படித் துவைப்பாரோ அப்படியே திரும்பத் திரும்பத் துவைத்து உலர்த்திப் பார்ப்பதே நேர்மையான சோதனை. உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்கலாம் என்பது பராமரிப்புக் குறிப்பில் எழுத நல்லது. முகாமிலிருந்து களைத்து வருபவர் அப்படிச் செய்வார் என்று நம்பி அச்சிடுவது தகாது.

பெயர்களும் பிறகு சேருபவர்களும்

முப்பது பெயர்களும் முப்பது வேறு படங்கள். ஸ்கிரீன் முறைக்கு அங்கே இடமில்லை. வெட்டி ஒட்டும் வினைல் (மெல்லிய நெகிழித் தாள்), டிடிஎஃப் என்ற இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது. ஆங்கிலப் பெயர்களும் எண்களும் என்றால் வினைல் போதும். தமிழ்ப் பெயர்களில் மெய்யெழுத்துப் புள்ளிகள் வெட்டியந்திரத்தில் தனித் துண்டுகளாக வெட்டுப்பட்டு, தேவையற்ற வினைலை உரித்தெடுக்கும்போது அதனோடு சேர்ந்து போய்விடும். தப்பிப் பிழைத்துச் சட்டையில் ஒட்டிய புள்ளியும் பரப்புக் குறைவால் முதலில் உதிரும். புள்ளி போன பெயர் வேறு பெயராகிவிடக்கூடும். எனவே பெயர்களுக்கு டிடிஎஃப், அதுவும் சாயத்தைத் தடுக்கும் கருமையான பசைத்தூளோடு. எழுத்துருவில் புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கியும் வைத்தாயிற்று. பரப்பு சிறியது என்பதால், முதுகுக்குச் சொன்ன காற்றோட்டக் குறை இங்கே எழவில்லை.

ஒரு நுட்பமான சிக்கல் மட்டும் எஞ்சியது. பிளாஸ்டிசால் மீண்டும் சூடேறினால் இளகும் இயல்புடையது. வலது மார்பில் பெயரை அழுத்தும்போது ஹீட் பிரஸ்ஸின் முழுப் பலகையும் இடது மார்பின் சின்னத்தின் மீது படிந்தால், சின்னம் பளபளப்பேறி நசுங்கும், சாயத்துக்கும் இன்னொரு சூடு கிடைத்துவிடும். சிறிய பலகை கொண்ட ஹீட் பிரஸ்ஸில் பெயர்ப் பகுதியை மட்டும் அழுத்துவதே இதற்கு வழி. பாதுகாப்புத் தாளை மேலே போடுவது ஒட்டாமல் காக்குமே தவிர சூட்டைத் தடுக்காது.

பிறகு சேருபவர்களுக்கு இரண்டு வழிகள் ஆராயப்பட்டன. 300 சட்டைகளோடு கூடுதலாகச் சில அச்சிட்டு வைக்கலாம். ஆனால் எந்த அளவுச் சட்டை எப்போது வேண்டும் என்பதை முன்கூட்டி அறிய முடியாமல், வேண்டாத அளவுகள் தேங்கும். மாற்றாக, ஸ்கிரீன்கள் எந்திரத்தில் இருக்கும் அதே நாளில், சின்னத்தையும் முதுகின் பெயரையும் கீழ் வரியையும், இடமும் வலமும் மாற்றிய வடிவில், அடுக்குகளின் வரிசையைத் தலைகீழாக்கி, அதாவது வெள்ளையை முதலிலும் சாம்பலை அதன் மேலும் வைத்து, சிறப்புத் தாளில் பிளாஸ்டிசால் டிரான்ஸ்ஃபராக அச்சிட்டு வைக்கலாம். முழுதும் பதமாகாத நிலையில் நிற்கும் அந்தத் தாள்களைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் பாதுகாத்து, புதியவர் வரும்போது அவர் அளவுச் சட்டையில் ஹீட் பிரஸ்ஸால் பதிக்கலாம். இடம்வலம் மாற்றுவதற்குத் தனி ஸ்கிரீன்கள் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் மை ஒன்றே என்பதால் புதிய சட்டையும் பழைய சட்டையும் அருகருகே நிற்கும்போது வெள்ளையில் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. டிடிஎஃப்பில் பின்னர் செய்தால் மையின் பளபளப்பும் தொடுவுணர்வும் வேறாக இருக்கும். ஹாஃப்டோன் ஓவியத்தை டிரான்ஸ்ஃபராக்குவது கடினம் என்பதால், புதியவர்களின் சட்டையில் எழுத்தும் சின்னமும் மட்டும் இருக்கும் என்று குழுவோடு பேசி முடிவானது. முகாமில் தேவைப்படும் அடையாளம் எழுத்தில்தான் இருக்கிறது.

புதிதாக வாங்கும் சட்டைகள் முழுப் பருத்தியாக இருக்கட்டும் என்பதே குழுவுக்குக் கொடுத்த பரிந்துரை. முழுப் பருத்தியில் டிஸ்பெர்ஸ் சாயத்துக்கு இடமே இல்லை; தடுப்பு அடுக்கும் குறைசூட்டு மையும் கட்டாயமாக வேண்டியதில்லை. சிவப்பின் சாயல் சற்று மாறும், சுருக்கமும் கூடுதலாக இருக்கும் என்பதால் குழு அதை மறுத்து அதே கலப்புத் துணியையே தொடருமானால், ஒவ்வொரு புதிய கட்டிலிருந்தும் ஒரு சட்டையை எடுத்து முதலில் பதித்துப் பார்க்க வேண்டும். ஆலை ஒரே நிறத்தை வேறு சாயக் கலவையில் கொண்டுவரலாம். சீட்டில் அதே 60-40 என்று இருந்தாலும் சூட்டில் அதன் நடத்தை வேறாக இருக்கலாம். அந்த ஒரு சட்டையின் வெள்ளை இரண்டு வாரம் கழித்தும் மாறாதிருந்தால் மட்டுமே அந்தக் கட்டின் மற்றச் சட்டைகளில் டிரான்ஸ்ஃபரைப் பதிக்கலாம்.